அறுபது நிமிடம் எங்கே போயிற்று?

ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். அதில் சராசரியாக 60 நிமிடங்கள், அதாவது நான்கு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான நேரம், 5 முதல் 17 வயது வரையுள்ள ஒவ்வொருவரும் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது, உலக சுகாதார அமைப்பு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல். வாரத்தில் மூன்று நாள்களாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் செயல்கள் அதில் இடம்பெற வேண்டும்; உட்கார்ந்தே கழியும் நேரத்தை, குறிப்பாகப் பொழுதுபோக்குக்காகத் திரை பார்க்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது.

கேட்கப்படுவது மிகக் குறைவு. ஆனால், அதுவும் கிடைப்பதில்லை. 'லான்செட்' குழுமத்தின் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் நல இதழில் 2019-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, 146 நாடுகளைச் சேர்ந்த 11 முதல் 17 வயது வரையுள்ள 16 லட்சம் மாணவர்களின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் 81 சதவீதத்தினர் இந்த 60 நிமிட அளவை எட்டவில்லை. சிறுவர்களில் 77.6 சதவீதம், சிறுமியரில் 84.7 சதவீதம். கல்வித் தேர்ச்சிக்குப் பெயர்பெற்ற தென்கொரியாவில் சிறுமியரில் 97.2 சதவீதத்தினர் எட்டவில்லை.

இந்தியாவின் நிலை ஏறத்தாழ 74 சதவீதம். உலக சராசரியைவிட இது நல்ல நிலை என்று ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. அந்த ஆறுதல் எவ்வளவு நாளைக்கு நிலைக்கும் என்பதே என் கேள்வி. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நிலைமை சற்று மேலாக இருப்பதற்கு அந்த ஆய்வாளர்கள் கருதிய காரணங்கள் கவனிக்கத்தக்கவை. சிறுவர்களுக்கு, தெருவெங்கும் ஆடப்படும் கிரிக்கெட். சிறுமியருக்கு, வீட்டு வேலை. நம் பெண் குழந்தைகள் விளையாடியதால் அல்ல, தண்ணீர் தூக்கியதாலும் வீடு பெருக்கியதாலும் உடலியக்கம் உடையவர்களாகக் கணக்கில் வந்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் புள்ளிவிவரத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்: நம் குழந்தைகளின் உடலியக்கம் இதுவரை நாம் திட்டமிட்டு வழங்கியதல்ல, வறுமையின் உடன்விளைவாகக் கிடைத்தது. வாகனம் இல்லாததால் பள்ளிக்கு நடந்தார்கள். குழாய் இல்லாததால் குடம் சுமந்தார்கள். மனைகள் விற்காமல் கிடந்ததால் அவற்றில் பந்து விளையாடினார்கள். வருமானம் உயர்ந்தபோது நடையும் குடமும் வெற்று மனையும் ஒருசேர மறைந்தன. குடம் மறைந்தது நல்லதே. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால், மறைந்தவற்றுக்கு ஈடாக வேறொன்றைத் தர வேண்டும் என்பது குடும்பத்துக்கும் பள்ளிக்கும் அரசுக்கும் தோன்றவில்லை.

நான் வசிக்கும் சென்னீர்குப்பம் இதற்கு ஒரு நல்ல சான்று. பூந்தமல்லியையும் ஆவடியையும் இணைக்கும் சாலையில் உள்ள இவ்வூரில் 1990-களின் பிற்பகுதியில் நான் குடியேறியபோது, கட்டி முடித்த வீடுகளைவிடக் கல் நட்டுக் கிடந்த மனைகளே அதிகம். அவற்றின் உரிமையாளர்கள் வேறெங்கோ இருந்தார்கள். மாலையில் அந்த மனைகள் பிள்ளைகளுக்கு உரியவை. யாரும் அவற்றை விளையாட்டுத் திடல் என்று அறிவிக்கவில்லை. யாரும் கட்டணம் கேட்கவும் இல்லை. நில உரிமையாளர்கள் தம்மையறியாமல் ஊர்க் குழந்தைகளுக்கு அளித்துவந்த மானியம் அது.

அந்த மானியம் படிப்படியாக நின்றுபோனது. புறவழிச் சாலை, அம்பத்தூர் முதல் திருமழிசை வரையிலான தொழிற்சாலைகளும் கிடங்குகளும், சுற்றியெழுந்த கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மக்களை இப்பக்கம் ஈர்த்தன. 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலின் சோதனை ஓட்டம் நடந்த பிறகு, தேநீர்க் கடைப் பேச்சு முழுவதும் மனை விலையைப் பற்றியதாகிவிட்டது. இன்று வெற்று மனை என்பது மதில் எழுப்பிப் பூட்டப்பட்ட ஒன்று. அடுக்ககங்களின் வாகன நிறுத்துமிடத்தில் பந்து உருண்டால் காருக்குக் கீறல் விழும் என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை விதிக்கின்றன. அப்படியொரு தடைத் தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறிய கூட்டம் ஒன்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். எதிர்த்துப் பேசியவர்கள் இருவரே.

சட்டம் இதை முன்னுணராமல் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட மேம்பாட்டு விதிகள் 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையெனில், நிலம் தர இயலாத நிலையில் அதற்கீடான தொகையைச் செலுத்தலாம். 3,000-க்குக் கீழ் எந்தக் கடமையும் இல்லை. புறநகரோ பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளாகவே வளர்கிறது. ஒவ்வொரு துண்டும் விதிக்கு உட்பட்டதாக இருக்க, மொத்த ஊருக்கு ஒரு திடல்கூட மிஞ்சாமல் போகலாம். ஈடாகச் செலுத்தப்பட்ட பணத்தில் எவரும் பந்து உருட்ட முடியாது. ஒப்படைக்கப்படும் இடங்களும் பெரும்பாலும் பூங்காக்களாகின்றன. என் வயதினருக்கு நடைபாதையும் இருக்கைகளும் கிடைக்கின்றன, வாயிலில் 'பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை தொங்குகிறது.

இலவசமாகக் கிடைத்தது மறைந்ததும் சந்தை உள்ளே வந்தது. செயற்கைப் புல்வெளி அமைத்து, வலை கட்டி, மணிக் கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஆடுகளங்கள் மேற்குப் புறநகரெங்கும் முளைத்துள்ளன. இறகுப்பந்து, நீச்சல், கிரிக்கெட் பயிற்சி மையங்களும் அப்படியே. அவை தவறல்ல, தேவை இருக்கிறது என்பதற்கு அவையே சான்று. ஆனால், விலை கொடுத்து விளையாட வேண்டும் என்றாகும்போது யார் விலக்கப்படுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளியின் பிள்ளைக்கும், கிடங்கில் சுமை ஏற்றுபவரின் பிள்ளைக்கும் அந்த வலைக்கு வெளியேதான் இடம்.

இடத்தைப் போலவே நேரமும் சுருங்கிவிட்டது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளில் 89.3 சதவீதத்தினர் கற்றல் செயல்களில் ஈடுபடுகின்றனர்; அதற்கு அவர்கள் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 413 நிமிடங்கள். ஏறத்தாழ ஏழு மணி நேரம். ஒன்பது மணி நேர உறக்கத்தையும் இதனுடன் கூட்டினால் பதினாறு மணி நேரம் ஆகிறது. மிச்சம் எட்டு மணி நேரம் இருக்கிறதே, அதில் ஒரு மணி நேரம் விளையாட முடியாதா என்று கேட்கலாம்.

முடியாது என்பதற்குக் காரணம் நம் தட்பவெப்பத்தில் இருக்கிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி, வெயில் தணிந்தும் வெளிச்சம் மறையாமலும் இருக்கும் நேரம் மாலை நாலரை மணிக்கும் ஆறரை மணிக்கும் இடைப்பட்டது மட்டுமே. அந்த இரண்டு மணி நேரம்தான் நம் குழந்தைகளுக்கு உண்மையான பற்றாக்குறைப் பொருள். அந்நேரத்தில் ஒரு பகுதியினர் பூந்தமல்லிச் சாலை நெரிசலில் பள்ளி வாகனத்துக்குள் அமர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் தனிப்பயிற்சி வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரவு எட்டரை மணிக்கு அவர்களுக்கு ஓய்வு நேரம் உண்டு; அப்போது கையில் எடுக்கக் கிடைப்பது கைப்பேசி மட்டுமே.

ஒரு செயலின் விலை என்பது அதற்குக் கொடுக்கும் பணம் மட்டுமன்று, அதற்கு ஆகும் நேரமும் சேர்ந்ததே என்று 1965-இல் கேரி பெக்கர் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் கைப்பேசியின் வெற்றி வியப்புக்குரியதல்ல. அதற்குத் திடல் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், சாலையைக் கடக்க வேண்டாம். மற்ற எல்லாவற்றின் விலையும் ஏறிய ஓர் ஊரில் அது ஒன்று மட்டும் மலிந்துகொண்டே வந்தது. கைப்பேசியை வீட்டுக்குள் கட்டாயமாக்கியதும் நாம்தான். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள் வகுப்பறையே திரைக்குள் இருந்தது. பள்ளி திரும்பி வந்தது. திரை திரும்பிப் போகவில்லை. கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட 'அசர்' 2024 ஆய்வில், 14 முதல் 16 வயதினரில் 82 சதவீதத்தினர் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். முந்தைய வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். உடற்பயிற்சி செய்யாமை வேறு, நெடுநேரம் உட்கார்ந்திருத்தல் வேறு. காலையில் ஒரு மணி நேரம் பந்து விளையாடிய மாணவனும் எஞ்சிய நேரமெல்லாம் அசையாமல் அமர்ந்திருந்தால் அதற்கும் தனியே ஒரு விலை உண்டு. இந்த அறிவு புதிதன்று. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் லண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே வழித்தடம். வேறுபாடு இருக்கையில் இருந்தது. நாம் நம் பிள்ளைகளைப் பள்ளி வேன், வகுப்பறை, தனிப்பயிற்சி, சோபா என்று இருக்கையிலிருந்து இருக்கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதன் கணக்கு பின்னால் வரும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். நாடு முழுவதும் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது என்பது 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீடு. உலக அளவில் பள்ளி வயதுக் குழந்தைகளிடையே எடைக் குறைவைவிட உடல் பருமன் அதிகமாகிவிட்டது என்று யுனிசெஃப் 2025-இல் அறிவித்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் சென்று மாத்திரை தருகிறது. பாராட்டத்தக்க திட்டம். ஆனால், நாற்பது வயதில் வீடு தேடிச் சென்று மாத்திரை தரும் அரசு, பத்து வயதில் அதே குடிமகனுக்கு ஒரு திடலைத் தர மறந்தால், அது செலவைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தவிர்க்கவில்லை.

பள்ளி என்ன செய்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே கூறுகிறது. சட்டம் திடல் என்றது. எவ்வளவு பரப்பு என்று சொல்லவில்லை. திடல் இருக்கும் பள்ளியிலும் விளையாட்டுப் பாடவேளை பிற பாடங்களுக்குக் கடனாகப் போகிறது. அதைக் கடன் வாங்காதீர்கள் என்று, விளையாட்டுத் துறைப் பொறுப்பில் இருந்த அமைச்சர் உதயநிதி ஸ்டாலினே பொதுமேடையில் கணித, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மதிப்பெண்களில் உடற்கல்விக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அளக்கப்படும் பாடத்துக்கு அளக்கப்படாத பாடம் இரையாவது இயல்பு.

ஊதியமும் இதையே சொல்கிறது. 2012-இல் தமிழகத்தில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி அவர்கள் நடத்தும் போராட்டம் பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது. ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பதை அதன் மேடைப் பேச்சைக் கொண்டு அறிவதைவிட அதன் சம்பளப் பட்டியலைக் கொண்டு அறிவது எளிது.

நாம் விளையாட்டைப் புறக்கணிக்கவில்லை என்று வாதிடலாம். 2024 ஜனவரியில் தமிழகம் நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் 98 பதக்கங்களுடன் இரண்டாமிடம் பெற்றோம். பெருமைதான். ஆனால், பதக்கம் என்பது சிலர் மிக வேகமாக ஓடியதற்குச் சான்று. மற்றவர்கள் ஓடினார்களா என்பதை அது சொல்லாது. ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மாநிலத்தின் எழுத்தறிவை யாரும் அளப்பதில்லை.

பெற்றோர் மனம் வைத்தால் போதும் என்பது பரவலான கருத்து. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தேர்த் திருவிழாவில் முன்னால் நிற்பவர் தம் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டால், பின்னால் நிற்பவர்களும் ஏற்றிக்கொள்ள நேரிடுகிறது. கடைசியில் எல்லார் தோளும் வலிக்கிறது. யாரும் தேரைக் கூடுதலாகப் பார்த்துவிடவில்லை. தனிப்பயிற்சியும் அத்தகையதே. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது தம் பிள்ளையை மட்டும் திடலுக்கு அனுப்பும் துணிவு எந்தத் தாய்க்கும் எளிதில் வராது. தனித்தனியே அறிவோடு எடுக்கும் முடிவுகள் கூட்டாகச் சேரும்போது தீமையாகும் இடத்தில், அறிவுரை பயன்படாது. பொது விதிதான் பயன்படும்.

ஆனால், விதியும் அளவோடு இருக்க வேண்டும். 2021-இல் சீனா, பள்ளிப் பாடங்களுக்கான வணிகத் தனிப்பயிற்சியை ஏறத்தாழ முடக்கியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இணைய விளையாட்டில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டுமே ஈடுபடலாம் என்றும் வரையறுத்தது. தேர்வின் மீதான பதற்றம் குறையாததால் தனிப்பயிற்சி மறைவாகத் தொடர்ந்தது. தைவான் வேறு வழியைத் தேர்ந்தது. குழந்தைகளிடையே கிட்டப்பார்வை பெருகியதைக் கண்டு, 2010 முதல் நாள்தோறும் 120 நிமிடங்கள் மாணவர்களை வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தைப் பள்ளிகளின் வழியாகக் கொண்டுவந்தது. ஏறிக்கொண்டே இருந்த கிட்டப்பார்வை விகிதம் இறங்கத் தொடங்கியது. பின்லாந்துப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிட இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். தடை விதித்த நாட்டைவிட, இடமும் நேரமும் ஒதுக்கிய நாடுகளிடமே நாம் கற்க வேண்டியது அதிகம்.

இங்கே செய்யக்கூடியவை எவை? முதலாவது, அரசுப் பள்ளித் திடல்களை மாலையிலும் விடுமுறை நாள்களிலும் ஊர்க் குழந்தைகளுக்குத் திறந்துவிடுவது. புதிதாக ஒரு சதுர அடி நிலமும் வாங்க வேண்டியதில்லை. ஒரு காவலர், விளக்கு, கழிப்பறை, பள்ளி மேலாண்மைக் குழுவின் மேற்பார்வை ஆகியவை போதும். இரண்டாவது, விளையாட்டுப் பாடவேளையை வாரத்துக்கு ஒன்றிரண்டு என்பதிலிருந்து நாளுக்கு ஒன்று என்றாக்கி, பள்ளி நேரத்துக்குள்ளேயே முடிப்பது. மாலையின் இரண்டு மணி நேரத்தை இழந்த குழந்தைக்கு இதுவொன்றே உறுதியான வாய்ப்பு. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-இல் கைவிட்ட அரசுக்கு இதற்கான மனத்துணிவு இல்லாமலிருக்க முடியாது. மூன்றாவது, உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை முழுநேரமாக நிரப்புவது.

நான்காவது, சாலை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. நாட்டிலேயே முன்னோடியான திட்டம். குறிப்பாக மாணவியரைப் பள்ளியில் நிறுத்திய திட்டம். ஆனால், சரக்கு லாரிகள் விரையும் பூந்தமல்லி - ஆவடி சாலையில் அந்த மிதிவண்டியை ஓட்ட எந்தத் தாய் அனுமதிப்பாள்? பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்காவது நடைமேடையும் வேகத்தடையும் அமைப்பது, மிதிவண்டிக்குச் செலவிட்ட பணத்தை வீணாக்காமல் இருப்பதற்கான முதலீடு.

ஐந்தாவது, சிறுமியர். இருக்கும் சில திடல்களிலும் மாலையில் கண்ணில் படுபவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. பூப்பெய்தியதும் பெண் பிள்ளைகள் திடலிலிருந்து மறைந்துபோவது ஒரு குடும்பத்தின் தனி வழக்கமாகத் தோன்றலாம். ஆனால், கழிப்பறையும் வெளிச்சமும் பெண் பயிற்றுநரும் இல்லாத திடல் அந்த வழக்கத்துக்குத் துணை போகிறது. எறிபந்துக்கும் கபடிக்கும் வாரத்தில் சில மாலைகளைச் சிறுமியருக்கென்றே ஒதுக்குவது தொடக்கமாகலாம்.

1955 ஜனவரியில், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் பெரும்பகுதியைக் காலம் கைவிட்டுவிட்டது. கைவிட்டதில் நியாயங்களும் உண்டு. ஆனால், சந்தையால் எல்லாருக்கும் வழங்க இயலாத சில பொருள்கள் உண்டு என்பதைச் சந்தைப் பொருளாதாரம் கற்பிக்கும் பாடநூல்களும் ஒப்புக்கொள்கின்றன. குழந்தைகள் ஓடுவதற்கான நிலம் அவற்றுள் ஒன்று. கட்டி முடித்த பிறகு எந்த விலை கொடுத்தும் திரும்பப் பெற முடியாத பொருளும் அதுதான்.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் புறநகர் ஊராட்சிகளின் பெற்றோர் இரண்டு கேள்விகளை எழுப்பலாம். நம் ஊரில் திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் எவை, அவை இன்று எந்த நிலையில் உள்ளன? நம் பள்ளித் திடலின் சாவி மாலை ஐந்து மணிக்குமேல் யாரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் கிடைக்க மாதங்கள் ஆகலாம். இரண்டாவதற்கு அன்றே கிடைத்துவிடும்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் - ஓய்வு)